மூட்டை கட்டியவர்கள்

விளம்பி வருஷம் ஆடி 19, வெள்ளி
(வெள்ளைக்காரர் கணக்கில் 1778, ஜூலை 31)

புதுச்சேரிக் கோட்டைச் சுவரைப் பழுதுபார்க்கும் முசியே புஷாருக்கு நான்தான் துபாஷி, அவர் பேச்சைத் தமிழாக்கிச் சொல்கிறவன். என் சம்சாரம் செங்கமலம் கோயிலில் இதைச் சற்று உரக்கவே சொல்லிக்கொள்கிறாள். பெரிய துபாஷிகளுக்குப் பல்லக்கு உண்டு. எனக்குத் தாழங்குடை. மழை பெய்தால் அதை நான்தான் நனையாமல் காப்பாற்ற வேண்டும்.

பள்ளியில் நாலு வருஷம் மணலில் எழுதினேன். பிரெஞ்சு பாஷையை ஒரு வெள்ளைக்கார வியாபாரியின் சமையல்காரனிடம் கற்றேன். ஆகையால் ஆட்டின் சகல பாகங்களுக்கும் எனக்குப் பிரெஞ்சில் பேர் தெரியும். கோட்டையின் பாகங்களுக்குத் தெரியாது. மாமிசமே தொடாத வீட்டில் பிறந்தவனுக்கு வாய்த்த வித்தை இது. முசியே ஏதாவது சொல்வார், நான் ஏதாவது சொல்வேன், சுவர் எப்படியோ எழும்பும்.

இன்று முசியே ஒரு செய்தி சொன்னார். கடலுக்கு அந்தக் கரையில் அமெரிக்கா என்று ஒரு தேசமாம். அங்கே குடியேறிய இங்கிலீஷ்காரர்கள் தங்கள் சொந்த ராஜாவுக்கே வரி கொடுக்க மாட்டோம் என்று கலகம் செய்கிறார்களாம். ஏதோ சீனத்து இலையை வெந்நீரில் போட்டுக் குடிப்பதற்கு வரியாம். அவர்கள் இலையைக் கடலில் கொட்டிவிட்டார்களாம். நம் பிரெஞ்சு ராஜா கலகக்காரர்களோடு கைகோத்துவிட்டாராம். ஆகவே இங்கிலீஷ்காரன் நம் ஊர் மேல் படையெடுத்து வரக்கூடுமாம்.

இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன். சரிதான். யாரோ எங்கேயோ இலையைக் கொட்டினால், அந்த இலையைக் கண்ணாலும் பார்த்திராத மலைக்கொழுந்துப் பிள்ளையாகிய என் ஓட்டு வீட்டில் குண்டு விழ வேண்டும். ராஜாங்க நியாயம் நம்மைப் போன்றவர்களுக்கு விளங்காது.

மகள் உண்ணாமுலைக்கு ஒன்பது மாதம். தலைப்பிரசவம் என்பதால் தாய் வீட்டில் இருக்கிறாள். மாப்பிள்ளை தெய்வசிகாமணி தெற்கே கூடலூரில் இங்கிலீஷ் கம்பெனியில் எழுத்தர். நேற்றுவரை இதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன். இன்று முதல் மாப்பிள்ளை எதிரி ராஜாவின் ஆள்.

பிரசவ மருந்துக்குச் சுக்கு இடித்தேன். கை வலிக்கிறது.

ஆடி 22, திங்கள்

சுவருக்கு வெளியே இருக்கும் குடிசைகளை எல்லாம் இடிக்க உத்தரவு. எதிரி ஒளிந்துகொள்ள இடம் இருக்கக் கூடாதாம். அந்தக் குடிசைகளில் இருப்பவர்கள் வேறு யாருமல்ல, நமக்காக மண் வெட்டுகிறவர்கள். அவர்கள் தலைவன் பெத்தண்ணன் என்னிடம் வந்தான்.

"துபாஷி ஐயா, சுவத்தையும் நாங்களே கட்டணும், எங்க வீட்டையும் நாங்களே இடிக்கணுமா? எங்களை ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

முசியேயிடம் சொன்னேன். அவர் பதில் சொன்னார். அதில் எனக்குப் புரிந்தது இரண்டு வார்த்தைகள். இரண்டும் சமையலறையில் பூனை நுழைந்தால் சொல்லுகிறவை. "துரை ரொம்ப வருத்தப்படுகிறார்" என்று பெத்தண்ணனிடம் சொன்னேன்.

ஆடி 27, சனி

இங்கிலீஷ்காரன் வந்தேவிட்டான். மேற்கே செம்மண் மேட்டில் கூடாரங்கள். சுவரின் மேல் ஏறிப் பார்த்தேன். எள்ளைக் காயப்போட்ட மாதிரி மனிதர்கள்.

மாப்பிள்ளை ஒரு கடிதமும் கூண்டு வண்டியும் அனுப்பியிருந்தார். வண்டியோடு அவருடைய சித்தப்பா. "கம்பெனியில் நடப்பதை நான் எழுதக் கூடாது. ஆனாலும் உண்ணாமுலையை உடனே அனுப்பிவையுங்கள். தயவுசெய்து" என்று இருந்தது. பெண்கள் இருவரும் கோயிலுக்குப் போயிருந்த நேரம். சித்தப்பாவை உட்காரவைத்து மோர் கொடுத்தேன். ஆடி மாசத்தில் பெண்ணைப் புருஷன் வீட்டுக்கு அனுப்புகிற வழக்கம் எங்களுக்கு இல்லை என்று எடுத்துச் சொன்னேன். தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்ணைத் திருப்பி அனுப்பினால் ஊர் சிரிக்கும் என்றும் சொன்னேன். அவர் செம்மண் மேட்டுப் பக்கம் கையைக் காட்டினார். நான் சுவர்ப் பக்கம் கையைக் காட்டினேன்.

"நானே முன்னால் நின்று கட்டுகிற சுவர்" என்றேன்.

வண்டி காலியாகத் திரும்பிப் போயிற்று. கடிதத்தை வீட்டில் படித்துக்காட்டும் அவசியம் இருப்பதாகத் தெரியவில்லை. பஞ்சாங்கத்துக்குள் வைத்திருக்கிறேன்.

மேற்குப் பக்கத்து அகழி இன்னும் முழங்கால் ஆழம்தான். அதைச் சித்தப்பாவிடம் சொல்லவில்லை. ராணுவ ரகசியம் அல்லவா.

ஆடி 29, திங்கள்

கடலில் பீரங்கிச் சத்தம். இரண்டு பக்கமும் ஜெயித்துவிட்டதாகக் கேள்வி. பசு பால் கறக்கவிடவில்லை.

ஆவணி 3, சனி

இன்று நான் பிரசங்கம் செய்தேன். இதை எழுதும்போதும் மார்பு சற்று விம்முகிறது.

குடிசை இடித்ததிலிருந்து மண் வெட்டுகிறவர்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டே வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு உற்சாகம் ஊட்ட முசியே ஒரு பீப்பாயின் மேல் ஏறி நின்றார். ஊர் ஜனமும் கூடிவிட்டது. கோயிலிலிருந்து திரும்பிய செங்கமலமும் உண்ணாமுலையும் கூட்டத்தின் ஓரத்தில் நின்றார்கள். அவர்களைப் பார்த்தவுடன் எனக்கு வாக்கில் சரஸ்வதி வந்து உட்கார்ந்தாள்.

முசியே அமெரிக்கர்களின் வீரத்தைப் பற்றிப் பேசினார். "எங்களைக் கேட்காமல் எங்கள் மேல் வரி போட நீ யார் என்று ராஜாவைக் கேட்டார்கள்" என்றார். அதுவரை சரியாகச் சொன்னேன். பிறகு அவர்கள் நுகத்தடியை உதறினார்கள் என்றார். மாட்டைப் பற்றிப் பேசுகிறாரோ என்று ஒரு கணம் தயங்கினேன். கலகம் என்பதை ஜனங்களுக்கு எப்படி விளக்குவது? இந்த ஊரில் யாருக்காவது கோபம் வந்தால் கத்தியை எடுப்பதில்லை, மூட்டையை எடுப்பார்கள். நெசவுக்காரர்களும் செட்டிகளும் எத்தனை முறை பெண்டுபிள்ளைகளோடு கிளம்பி, ஊரைச் சுற்றியிருக்கும் எல்லை வேலிக்கு அப்பால் போய் உட்கார்ந்திருக்கிறார்கள்! பெரியவர்கள் தாம்பூலத் தட்டோடு போய்க் கெஞ்சி அழைத்து வருவார்கள். அதற்கு மிஞ்சின கலகம் நான் கண்டதில்லை.

ஆகவே சொன்னேன்: "அந்தத் தேசத்தார் மூட்டையைக் கட்டிக்கொண்டு ராஜாவின் எல்லையைத் தாண்டிவிட்டார்கள்! அது தப்பு என்று நம்முடைய ராஜா சொன்னாரா? இல்லை! தாம்பூலம் வைத்துக் கௌரவித்தார்!"

அப்படி ஓர் ஆரவாரம். பெத்தண்ணன் தலைப்பாகையை அவிழ்த்து வீசினான். முசியேக்கு ஆனந்தம். கீழே இறங்கி என் தோளில் தட்டினார். பதினோரு வருஷச் சேவகத்தில் முதல் தட்டு.

ஆவணி 4, ஞாயிறு

பஞ்சாங்கத்தில் நாள் பார்க்கப்போன உண்ணாமுலை கையில் கடிதத்தோடு வந்தாள். அவளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது நான்தான். யாரைக் குற்றம் சொல்வது?

"வண்டி வந்துச்சாப்பா?"

"வந்தது. ஆடி மாசம்…"

"ஆடி போயி ஆவணி வந்தாச்சு. இப்ப ஒரு வண்டி பாருங்க. நான் போறேன்."

"சுவர் இருக்கும்மா. அப்பா கட்டுற சுவர்."

"நீங்க கட்டுறதுனாலதான் பயமா இருக்கு."

செங்கமலம் அடுப்பங்கரையில் சிரித்தாள். சிரிப்பா இருமலா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? கேக்காம வரி போட நீ யாருன்னு அந்த ஊர்க்காரங்க கேட்டாங்களாமே. நீங்கதான சொன்னீங்க, பீப்பா பக்கத்துல நின்னு கையை ஆட்டி ஆட்டி."

"அது கடலுக்கு அந்தப் பக்கம்டி! இது வீடு!"

கத்தியிருக்க வேண்டாம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான், இதற்கு மேல் பேச்சு இல்லை என்று உத்தரவு போட்டுவிட்டு வெளியே போனேன். வெளியே வேலை ஒன்றும் இல்லை. குளத்தங்கரையில் உட்கார்ந்துவிட்டுச் சாப்பாட்டு வேளைக்குத் திரும்பினேன். உத்தரவு போட்டவனுக்கும் பசிக்கிறது.

ஆவணி 5, திங்கள்

மண் வெட்டுகிறவர்கள் போய்விட்டார்கள்.

காலையில் வேலைக்குப் போனால் சுவரில் நானும் ஒரு கழுதையும்தான் இருந்தோம். முந்நூறு பேர், பெண்டுபிள்ளைகள், கோழி, சட்டி, பானை, எல்லாம் விடியற்காலையில் தெற்கு வாசலைத் திறக்கச் சொல்லிப் போயிருக்கிறார்கள். காவல்காரன் தடுத்ததற்குப் பெத்தண்ணன் சொன்னானாம்: "ராஜாவே இதைக் கௌரவிக்கிறாராம்யா. வெத்தலைத் தட்டோட வந்து கூப்பிடச் சொல்லு, வர்றோம்."

முசியே என் மேல்துண்டைப் பிடித்து, அவர்களிடம் என்ன சொன்னாய் என்று கேட்டார். தாங்கள் சொன்னதைத்தான் சொன்னேன் என்றேன். கூடையை என் கையில் கொடுத்தார். பகல் முழுவதும் மண் சுமந்தேன். துபாஷி மண் சுமப்பதைப் பார்க்கத் தெருவே வந்திருந்தது. கழுதை மட்டும் மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தி சாய வீட்டுக்கு வந்தேன். உண்ணாமுலை இல்லை.

"எங்கே?"

"போயிட்டா," என்றாள் செங்கமலம். "பெத்தண்ணன் வண்டியில. அவன் பொண்டாட்டி நாப்பது பிரசவம் பாத்தவ. கூடலூர் வரைக்கும் கொண்டுபோய் விடுறேன்னு சத்தியம் பண்ணியிருக்கா."

"உனக்கு முன்னாலேயே தெரியுமா?"

"மருந்து, துணி, தலையணை எல்லாம் யார் கட்டிக் கொடுத்தான்னு நெனச்சீங்க?"

இங்கிலீஷ் ராஜாவின் மனசு இன்று எனக்கு ஒருவாறு விளங்குகிறது. கலகக்காரர்கள் போவதுகூடப் பெரிதில்லை. பக்கத்து ராஜா மூட்டை கட்டிக் கொடுக்கிறானே, அதுதான்.

ஆவணி 6, செவ்வாய்

ஒன்பது மாதத்துப் பெண். வண்டிப் பாதை முழுக்கப் பள்ளம். நடுவில் இரண்டு ஆறு.

எனக்கென்ன? உத்தரவு போட்டேன், கேட்கவில்லை.

ஆவணி 9, வெள்ளி

இங்கிலீஷ்காரன் எல்லை வேலியைப் பிடித்துவிட்டான். இனி உள்ளே யாரும் வர முடியாது, வெளியே யாரும் போக முடியாது. அவள் போய்ச் சேர்ந்தாளா என்று சொல்வாரும் இல்லை.

மண் கூடை. இடுப்புப் பிடித்துக்கொண்டது.

ஆவணி 20, செவ்வாய்

தினமும் காலையில் தெற்கு வாசலுக்குப் போய் வருகிறேன். காற்று எப்படி அடிக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. காவல்காரன் என்னைக் கண்டதும், நான் கேட்பதற்கு முன்னாலேயே, "ஒண்ணும் இல்ல பிள்ளைவாள்" என்கிறான். காற்றைப் பற்றித்தான் சொல்கிறான்.

செங்கமலம் என்னோடு பேசுவதில்லை. அதாவது நான்தான் பேசவில்லை. சோறு வைக்கும்போது பாத்திரம் இரண்டு பேருக்காகவும் பேசுகிறது.

ஆவணி 28, புதன்

இங்கிலீஷ்காரன் நம் சுவரை நோக்கிப் பள்ளம் வெட்டிக்கொண்டு வருகிறான். முசியேயின் தூரக்கண்ணாடியைக் கெஞ்சி வாங்கிப் பார்த்தேன். வெட்டுகிறவன் பெத்தண்ணன்! நம்மிடம் ஒரு மாசத்தில் வெட்டாததை அங்கே மூன்று நாளில் வெட்டியிருக்கிறான். அவனை யாரோ முறையாகக் கேட்டு வேலைக்கு வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

அவன் இங்கே இருந்தால் வண்டி எங்கே? வண்டியில் இருந்தவள் எங்கே? சுவரின் மேல் ஏறி, "பெத்தண்ணா! எம் பொண்ணு எங்கடா?" என்று கத்தினேன். கூப்பிடு தூரத்துக்குச் சற்று அதிகம். ஒரு தோட்டா என் தலைப்பாகையை உரசிக்கொண்டு போயிற்று. முசியே என் காலைப் பிடித்துக் கீழே இழுத்தார். எதிரியை நோக்கி முழங்கிய என் வீரத்தைப் பாராட்டி ஒரு கோப்பை சாராயம் கொடுத்தார். நான் குடிப்பதில்லை. குடித்தேன்.

புரட்டாசி 6, வெள்ளி

விடிந்ததும் ஆரம்பித்தான். எத்தனை பீரங்கி என்று முசியே எண்ணச் சொன்னார். நான் காதைப் பொத்திக்கொண்டிருந்ததால் எண்ணிக்கையில் சற்றுப் பிசகு இருக்கலாம்.

மேற்குச் சுவர், நான் முன்னால் நின்று கட்டியது, மத்தியானம் வரை தாக்குப்பிடித்தது.

புரட்டாசி 11, புதன்

வீட்டில் ஒரு குண்டு விழுந்தது. முன்கட்டுக்கு ஒன்றுமில்லை. பசுவுக்கு ஒன்றுமில்லை. பின்கட்டு அறை மட்டும் போயிற்று.

பிரசவத்துக்கு என்று வெள்ளையடித்து வைத்திருந்த அறை.

புரட்டாசி 12, வியாழன்

இடிபாட்டைக் கிளறினேன். கட்டிலின் ஒரு கால் கிடைத்தது. தூளி கட்ட அடித்த கொக்கி, உத்தரத்தோடு முற்றத்தில் கிடந்தது. குண்டு கிடைத்தது. இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது. சின்னக் குழந்தை எடை இருக்கும்.

செங்கமலம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முப்பத்தேழு நாளைக்குப் பிறகு பேசினாள்.

"நான்தான் அனுப்பினேன். இப்ப சொல்லுங்க, தப்பா?"

"இல்லை," என்றேன்.

"இன்னொரு தரம் சொல்லுங்க. பீரங்கிச் சத்தத்துல காதுல விழல."

பீரங்கி நின்று நெடுநேரமாகியிருந்தது. இருந்தாலும் இன்னொரு தரம் சொன்னேன்.

புரட்டாசி 25, புதன்

அரிசி அரை வயிற்றுக்கு வருகிறது. மழை வேறு. ஊரில் பாதிப் பேர் நனைந்துகொண்டே கடலைப் பார்க்கிறார்கள், பிரெஞ்சு ராஜாவின் கப்பல் வருமென்று. அமெரிக்காவுக்குப் போன கப்பல்கள் வழி மாறி இந்தப் பக்கம் வந்தால்தான் உண்டு.

ஐப்பசி 6, ஞாயிறு

கோட்டையை ஒப்புக்கொடுத்தாயிற்று. சமாதானத்துக்கு வெள்ளைக் கொடி ஏற்ற வேண்டும் என்றார்கள். நம் ராஜாவின் கொடியே வெள்ளைதான். ஒன்றை இறக்கி இன்னொன்றை ஏற்றினார்களா, இருந்ததையே விட்டுவிட்டார்களா என்று கீழேயிருந்த எனக்குத் தெரியவில்லை.

முசியே என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அமெரிக்கர்கள் நிச்சயம் ஜெயிப்பார்கள் என்றார். ஜெயிக்கட்டும். நல்ல ஜனங்களாகத்தான் இருப்பார்கள். நம் ஊரில் எத்தனை வீட்டுக்கு ஓடு போயிற்று என்று அவர்களுக்கு யாராவது ஒரு கடுதாசி எழுதினால் தேவலை.

வாசலைத் திறந்துவிட்டார்கள். நாளைக் காலை கிளம்புகிறோம்.

ஐப்பசி 9, புதன். கூடலூர்

வழியில் மழை. ஆற்றில் ஓடத்துக்கு ஒரு பகல் முழுவதும் காத்திருந்தோம். நேற்று இங்கே வந்து சேர்ந்தோம்.

மகளிடம் பேச வேண்டியதை வழி முழுவதும் மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். முதலில் கண்டிப்பு, நடுவில் மன்னிப்பு, கடைசியில் ஆசீர்வாதம். அவள் வீட்டுத் தெரு முனைக்கு வந்ததும் கால் நின்றுவிட்டது. உள்ளே என்ன செய்தி இருக்குமோ. செங்கமலம் என் மேல்துண்டைப் பிடித்து மாட்டை இழுக்கிற மாதிரி இழுத்துக்கொண்டு போனாள்.

வீட்டுக்குள் ஒரு குழந்தை அழுதது. நான் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். மனப்பாடம் செய்தது எல்லாம் போயிற்று.

"வாங்க மாமா, வாங்க அத்தை!" மாப்பிள்ளை ஓடி வந்தார். எதிரி ராஜாவின் ஆள் என் சேறு படிந்த காலுக்குத் தானே தண்ணீர் ஊற்றினார். வண்டியைத் திருப்பி அனுப்பினதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

பேத்தி. ஆவணி இருபத்திரண்டில் பிறந்திருக்கிறாள். பெத்தண்ணன் பெண்டாட்டியே இருந்து பார்த்துவிட்டுப் போனாளாம். உண்ணாமுலை இளைத்திருந்தாள். கண்ணில் மட்டும் பழைய வெளிச்சம். குழந்தையை என் மடியில் வைத்தாள். குழந்தை உடனே என் வேட்டியை நனைத்து, இந்த வீட்டில் அதிகாரம் யாருடையது என்று தெளிவுபடுத்தியது.

"எங்கம்மா பேரை வைக்கலாம்னு…" என்று ஆரம்பித்தேன்.

"பேரு வெச்சாச்சுப்பா. சௌந்தரவல்லி."

"நல்ல பேர்," என்றேன். நல்ல பேர்தான்.

மாப்பிள்ளையும் செங்கமலமும் பின்கட்டுக்குப் போன பிறகு உண்ணாமுலை கேட்டாள்.

"அந்தக் கடுதாசியை ஏன்பா மறைச்சீங்க?"

ஊர் சிரிக்கும், ஆடி மாசம், சுவர், எல்லாம் வாய்வரை வந்தன. இந்தக் குறிப்பிலும் அவற்றைத்தான் எழுதி வைத்திருக்கிறேன். இப்போது புரட்டிப் பார்த்தேன், ஒன்றுகூட நிஜமில்லை.

"பயமா இருந்துச்சும்மா."

"குண்டுக்கா?"

"குண்டைப் பத்தி அப்ப எனக்கு என்ன தெரியும்? இந்தச் சண்டை முடியறவரைக்கும் நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். நாலு வருஷமோ அஞ்சு வருஷமோ. உன்னைப் பாக்க முடியாம போயிருமோன்னு…"

அவள் குழந்தையை என் மடியிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுத் தட்டினாள். பிறகு, "உங்களுக்குப் பயம்னா எனக்குல்ல சொல்லணும்? நான் என்ன, இங்கிலீஷ்காரனா?" என்றாள்.

"பின்கட்டு அறை இல்லைம்மா இப்ப. குண்டு விழுந்துருச்சு."

இதை நான் சொல்வதாக இல்லை. வாய் சொல்லிவிட்டது. அவள் தட்டுவது ஒரு கணம் நின்றது. அப்புறம் மறுபடி தட்டினாள்.

"எந்திரிங்க. சாப்பிடுங்க," என்றாள்.

எங்கள் ஜாதியில் பெண்ணைக் கொடுத்த தகப்பன், அவளுக்கு ஒரு குழந்தை பிறக்கிறவரை அவள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. மூன்று வருஷமாக வாசலோடு நின்று பேசிவிட்டுத் திரும்பியிருக்கிறேன். உள்ளே போய் உட்கார்ந்தேன். இலை போட்டாள். பத்தியச் சமையல். குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டே ஒரு கையால் பரிமாறினாள். நான் எழுந்து உதவப்போனால் "உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன்.

முதல் கவளம் உள்ளே போனதும் கரண்டியும் கையுமாக நின்று கேட்டாள்.

"உப்பு சரியா இருக்காப்பா?"

உப்பு அறவே இல்லை. போட மறந்திருக்கிறாள். இருபத்தைந்து வருஷமாகச் செங்கமலத்தின் ரசத்தை ஒரு நாள்கூடக் குறை சொல்லாமல் விட்டவன் இல்லை நான்.

"சரியா இருக்கும்மா," என்றேன். இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.